பால் சோதனைச் சாவடி

இரவு இரண்டே முக்காலுக்கு
ஈரோட்டு டேங்கர் வந்து நிற்கிறது.
மூடியைத் திறந்து, அடிவரை துழாவி
அரை லிட்டர் எடுக்கிறேன்.
மீனாட்சிபுரத்தில் எனக்கு வேலை இதுதான்:
கேரளம் குடிக்கப்போகும் பாலில்
என்ன இருக்கிறது என்று சொல்வது.

கொழுப்பு மூன்றரை. யூரியா இல்லை.
அயோடின் நீலமாகவில்லை, மாவும் இல்லை.
டிரைவர் கையெழுத்துக்குக் காத்து நிற்கும்போது
தினமும் தோன்றுவதுதான் தோன்றுகிறது:
நான் அளப்பதற்கு முன்பும்
இந்தக் கொழுப்பு இதற்குள் இருந்தது.
‘முதல் தரம்’ மட்டும்
என் பேனாவிலிருந்து வந்தது.

இதை ஷைலஜாவிடம் சொல்லியிருக்கக் கூடாது.

அவளுக்குப் பதினான்கு வயதிலேயே தெரியும்.
கொழிஞ்சாம்பாறைப் பள்ளியில், மூன்றாம் பெஞ்சில்,
முன்னால் ஆடிய ஒரு பின்னலைப் பார்த்து.
சொல் பிறகுதான் கிடைத்தது,
பாலக்காட்டில், மைக் வேலை செய்யாத ஒரு கூட்டத்தில்.
தொலைந்த செருப்பு கிடைத்த மாதிரி
காலை நுழைத்துப் பார்த்தேன், சரியாக இருந்தது என்பாள்.

எனக்கு அப்படியொரு பதினான்கு இல்லை.
துரைசாமியோடு ஏழு வருஷம் வாழ்ந்தேன்.
அது நடிப்பல்ல.
அவன் வண்டிச் சத்தம் கேட்டதும்
ஓடிப்போய்க் கதவைத் திறந்தவள் நான்தான்.
அவன் திருப்பூர் போய்த் திரும்பாதது வேறு கதை.
பிறகு ஷைலஜா,
குடும்பஸ்ரீ கேன்டீனில்
கேட்காமலே இன்னொரு தோசை வைத்தாள்.
அவ்வளவுதான்.

“அப்போ முன்னாடியே இருந்திருக்கு. உனக்குத் தெரியலை.”
“இல்லை. நீ வந்துதான் வந்தது.”
இந்த இரண்டு வாக்கியங்களுக்குள்
எத்தனை இரவு சண்டை போட்டிருப்போம்.

பாலுக்குள் தயிர் இருக்கிறதா?
உறை ஊற்றினால்தான் தயிர்.
ஆனால் தண்ணீருக்கு உறை ஊற்றிப் பார்,
விடிய விடிய மூடிவைத்தாலும் தண்ணீர்தான்.
அப்படியென்றால்
உறை ஊற்றாத பாலுக்குள் கிடக்கும்
அந்த ‘ஆகலாம்’ எங்கே இருக்கிறது?
என் பதிவேட்டில் பதினோரு கட்டங்கள்.
‘ஆகலாம்’ என்று ஒன்றும் இல்லை.

கோயம்புத்தூரில் ஓர் ஆலோசகர், நல்லவர்தான்,
படிவம் நீட்டினார்.
யார்மேல் ஆசை. யாரோடு படுத்தீர்கள்.
உங்களை என்னவென்று சொல்லிக்கொள்வீர்கள்.
மூன்றுக்கும் மூன்று பதில் வந்தது.
“இதில் எது நீங்கள்?” என்றார்.
பொள்ளாச்சி பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தேன்:
ஆசைப்பட்டு ஒருத்தரையும் தொடாதவள் யார்?
தொட்டுத் தொட்டு ஆசையே படாதவள்?
கிணத்துக்கடவில் தூங்கிவிட்டேன்.

நம் மொழியில்
பால் என்றால் ஆணா பெண்ணா என்பது.
பால் என்றால் பக்கமும்தான்.
அவள்பால் என்றால் அவளை நோக்கி.
இலக்கணம் வகையை மட்டும்
ஐந்தென்று எண்ணி முடித்தது,
நோக்கிப் போவதை
எண்ணாமல் விட்டுவிட்டது.

பெரிய கண்டுபிடிப்புப் போல இதைச் சொன்னேன்.
அவள் மாவு கரைத்துக்கொண்டிருந்தாள்.

“நினக்கு அது சௌகரியம்.
பேர் இல்லாதவளை யாரும் அடிக்க மாட்டாங்க.
எந்தப் பேரைச் சொல்லி
என் அண்ணன் என் மண்டையை உடைச்சானோ
அதே பேரைச் சொல்லித்தான்
திருச்சூர்லேருந்து நாலு பேர் ஜீப் பிடிச்சு வந்தாங்க.
‘நோக்கி’ன்னு கூப்பிட்டா யார் வருவா?”

நெற்றியோரம் அந்தத் தழும்பில்
மாவு ஒரு பொட்டு தெறித்திருந்தது.
துடைக்கப் போன கையைத் தட்டிவிட்டாள்.
என்னிடம் பதில் இல்லை. இன்னும் இல்லை.

நேற்று டீக்கு வைத்த பாலை
இரண்டு பேருமே மறந்துவிட்டோம்.
கணவாய்க் காற்று நின்றுபோன இரவு, ஒரே புழுக்கம்.
காலையில் பாத்திரத்தில் கட்டிகட்டியாகக் கிடந்தது.
யாரும் உறை ஊற்றவில்லை.
ஷைலஜா அதில் உப்புப் போட்டாள்,
காந்தாரி மிளகாய் இரண்டை நசுக்கிப் போட்டாள்,
ஒரு மடக்குக் குடித்து முகத்தைச் சுளித்தாள்.

“இதை என்னன்னு எழுதுவே?”

பேனா சாவடியில் இருந்தது.
டம்ளரை வாங்கி
மீதியைக் குடித்தேன்.